எண்ணிப் பார்த்தபோது



நாங்கள் வலைப்பந்தாட்டம் ஆடிய காலத்தில் ஒரு கோலைத் தவறவிட்டால் இல்லத் தோழிகள் இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் மாங்காயும் உப்புத்தூளும் வரும், எல்லாம் சரியாகிவிடும். அண்மையில் நித்திரையில்லை என்று எங்களிடம் ஒரு பிள்ளை வந்தாள். அவளின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். உடம்பில் ஒரு குறையும் இல்லை. கடைசி நிமிடத்தில் அவள் தவறவிட்ட பந்தைப் பற்றி முகம் தெரியாதவர்கள் எழுதியவை கைத்தொலைபேசியில் இருந்தன. "ஊரே என்னை ஏசுது, டொக்டர்" என்றாள். விட்டுவிடு பிள்ளை என்று சொல்லத்தான் வாயெடுத்தோம்.

அப்போது ரோக்கியோ ஒலிம்பிக் ஞாபகம் வந்தது. 2021இல் அந்தப் போட்டிக் காலத்தில், உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 161 வீரர், வீராங்கனைகளின் ருவிற்றர் கணக்குகளைத் தொடர்ந்து ஆராயச் செய்தது. சேர்ந்த பதிவுகள் 240,707. இத்தனையையும் ஆட்கள் இருந்து வாசிக்க முடியாது. வசைச்சொற்களையும் படங்களையும் சித்திரக் குறிகளையும் கணினி தேடியது. சொல்லோடு சொல் எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்றும் பார்த்தது.

வசை என்று அடையாளம் காணப்பட்டவை 132. ஏறத்தாழ 1,800 பதிவுக்கு ஒன்று. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரு நோய் எத்தனை பேருக்கு என்பதோடு வைத்தியர் நிற்பதில்லை, யாருக்கு என்றும் கேட்போம். 132இல் 115 பெண்களை நோக்கியவை. வசைக்கு ஆளான 23 பேரில் 16 பேர் பெண்கள். ஊக்கமருந்து எடுத்தாள் என்ற ஆதாரமில்லாத பழியும் அதற்குள் உண்டு.

பிள்ளையோடு இருந்து நாங்களும் எண்ணினோம். கொப்பியும் பேனையும்தான். நாற்பத்தொரு கருத்துகள். ஏச்சு ஒன்பது. அந்த ஒன்பதையும் எழுதியவர்கள் மூன்றே பேர். அவள் திரும்பவும் எண்ணினாள்.

கணினியிடம் விட்டிருந்தால் இது கிடைத்திராது. "போடி விசரி" என்று அவளின் உயிர்த்தோழி எழுதியிருந்தாள், அது அன்பு. அதே சொல்லை முகம் தெரியாதவன் எழுதினால் ஏச்சு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுபவர்களோ ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுகிறார்கள். இரத்தப் பரிசோதனையைப் போலத்தான்: இல்லாததை உண்டென்றும் காட்டும், உள்ளதைத் தவறவும் விடும். கடைசியில் ஊர்ப்பேச்சு தெரிந்த ஒருவர் வாசிக்கத்தான் வேண்டும்.

பிள்ளை இப்போது நித்திரை கொள்கிறாள். பயிற்சிக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் சங்கத்தில் கணினி படித்தவர்கள் இருக்கிறீர்கள், தமிழ் கற்பிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த தவணைப் போட்டிகளின்போது, பெற்றோரின் அனுமதியோடு, எங்கள் அணிப் பிள்ளைகளைப் பற்றி எழுதப்படுவதை எண்ணிப் பார்க்க ஆறு பேர் போதும். தேநீர் இடைவேளையில் வாசலடி மேசையில் இருப்போம். பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.