குழி வெட்டிய கை



திரையில் நீங்கள் பார்ப்பது நோர்வே ஓவியர் எரிக் வெரென்ஸ்கியோல்ட் 1883 முதல் 1885 வரை வரைந்த 'உழவர் அடக்கம்'. இப்போது ஆஸ்லோவில், தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிதாகக் குவித்த மண்மேட்டைச் சுற்றிச் சில உழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். ஓர் இளைஞர் புத்தகத்திலிருந்து வாசிக்கிறார். பின்னால் பச்சை மலைகள், கோடை வெயில். கதறி அழுகிறவர் யாருமில்லை.

பாதிரியார் எங்கே என்று தேடுவீர்கள். இல்லை. வாசிப்பவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். அன்றைய நோர்வேயில் ஒரே பாதிரியார் பல தேவாலயங்களைப் பார்த்துக்கொள்வார். அவர் வரும்வரை பிணம் காத்திருக்க முடியாது. அண்டை வீட்டார் குழி வெட்டி, பெட்டியைச் சுமந்து, புதைத்துவிடுவார்கள். அவர் பிறகு வந்து, மூன்று முறை மண் போட்டு சடங்கை முடிப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த ஓவியம் இது. குழி வெட்டியவர் யார், பக்கத்தில் நிற்கும் உறவினர் யார் என்று இதில் பிரித்துப் பார்க்க முடியாது. நம் ஊரில் குழி வெட்டுகிறவர் யார் என்று சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். முதன்முறை பார்த்தபோது ஒரு பொறாமைகூட வந்தது. கிறித்தவ ஐரோப்பாவில் மண்ணும் பிணமும் யாரையும் தீட்டாக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன், தோழர்களே.

நோர்வே 1814 வரை டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அந்த ராஜ்ஜியத்தில் 'நட்மன்' என்றொருவர் உண்டு. 'இரவு மனிதர்' என்று பொருள். நகரத்து மலக்குழிகளை இரவில் அள்ளுவது, செத்த குதிரையின் தோலை உரிப்பது, தூக்கிலிடப்பட்டவர்களின் உடலை அப்புறப்படுத்துவது எல்லாம் அவர் வேலை. அவரோடு உட்கார்ந்து குடிக்கமாட்டார்கள், உண்ணமாட்டார்கள். அவர் பிள்ளைகளுக்கும் அதே இழிவு. 'மானமற்றவர்' என்பது அங்கே வசவு மட்டுமல்ல, ஒரு சமூக நிலை.

1687-இல் மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியன் கொடுத்த நோர்வே சட்டம், தற்கொலை செய்துகொண்டவரைத் தேவாலயத்திலோ கல்லறைத் தோட்டத்திலோ புதைக்கக் கூடாது என்றது. நோயிலோ புத்தி பேதலித்தோ செய்திருந்தால் மட்டும் விலக்கு. அப்படி ஒதுக்கப்பட்ட பிணங்களுக்குக் குழி தோண்ட நட்மனைத்தான் கூப்பிட்டார்கள். அதே காலத்தில் பணக்காரர்கள் தேவாலயத்துத் தரைக்கு அடியிலேயே இடம் வாங்கிப் படுத்துக்கொண்டார்கள். 1805-இல்தான் அது தடைசெய்யப்பட்டது.

இப்போது மறுபடி ஓவியத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரனைப் புதைத்தால் அது மரியாதை. ஒதுக்கப்பட்ட பிணத்தைக் கூலிக்குப் புதைத்தால் அது இழிவு. குழி ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். 'அசுத்தமான வேலை செய்தார்கள், அதனால் ஒதுக்கினார்கள்' என்று நம்மிடம் விளக்கம் சொல்ல வருகிறவர்களிடம் இந்த ஓவியத்தைக் காட்டுங்கள். வேலையில் தீட்டு இருந்திருந்தால் இந்த உழவர்கள் அனைவரும் தீட்டுப்பட்டிருக்க வேண்டுமே!

இந்த ராஜ்ஜியம் நமக்கு அந்நியமானதும் அல்ல. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்தது டென்மார்க். 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கை அனுப்பியவர் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக். அந்த மிஷன் சபைகளில் சாதிப்படி தனித்தனியே உட்காரவைத்தார்கள். மிஷனரிகளில் பெரும்பாலோர் ஜெர்மானியர், ஆகவே அங்கிருந்து இங்கே நேர்க்கோடு இழுக்க நான் தயாரில்லை. ஆனால் 'கிறித்தவம் சமத்துவத்தோடு வந்தது, நாம்தான் கெடுத்தோம்' என்ற கதையையும் நான் நம்பத் தயாரில்லை.

அதேபோல 'பாருங்கள், அங்கேயும் சாதி இருந்தது' என்று திருப்திப்படுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நட்மன் சமூகத்தின் ஓரத்தில் இருந்த சிறு கூட்டம். ஒட்டுமொத்த ஊரையும் பிறப்பால் படிப்படியாக அடுக்கிவைத்த ஏற்பாடு அங்கே இல்லை. நட்மன் என்ற பதவியும் மறைந்துவிட்டது.

இழிவு மட்டும் அவ்வளவு சுலபமாக மறையவில்லை. நட்மன் வேலையோடு சேர்த்துப் பேசப்பட்ட நாடோடி மக்களைப் பற்றி எய்லர்ட் சுண்ட் 1850-இல் ஆய்வு நூல் எழுதினார். 1897-இல் அவர்களைத் 'திருத்த' ஒரு கிறித்தவ மிஷன் தொடங்கியது. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தது. 1934-இல் கருத்தடைச் சட்டம் வந்தது, அவர்களில் பல பெண்கள் அதற்குப் பலியானார்கள். நோர்வே அரசு மன்னிப்புக் கேட்டது 1998-இல்.