பெயர் ஒன்று, பாட்டு வேறு



ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? இன்னாருடைய மகன், இந்த லயத்துக்காரர் என்று அடையாளம் சொல்கிறோம். பாட்டுக்கும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

'நினைத்தாலே இனிக்கும்' என்று இரண்டு படங்கள் உண்டு. 1979-இல் வந்தது கே. பாலசந்தரின் படம். சிங்கப்பூரிலும் படமாக்கப்பட்டது. பாடல்கள் கண்ணதாசன், இசை எம். எஸ். விசுவநாதன். 2009-இல் வந்த படத்துக்கு இசை விஜய் ஆன்டனி. கதையும் வேறு, பாட்டும் வேறு.

முதற்படத்தின் 'எங்கேயும் எப்போதும்' என்ற பாட்டு, 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் புதுக்கோலத்தில் வந்தது. நம் மலேசியக் கலைஞர் யோகி பி அதில் பங்கு பெற்றார். 1980-இலும் ஒரு 'பொல்லாதவன்' உண்டு. 2011-இல் 'எங்கேயும் எப்போதும்' என்றே ஒரு படமும் வந்துவிட்டது!

இப்படிச் செய்யலாமா என்று கேட்கலாம். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பாட்டும் மெட்டும் அப்படியல்ல.

மரம் சீவியவர் ஒருவர், பாலின் கணக்கு வேறொருவர் பெயரில் ஏறினால் நமக்குப் பொறுக்குமா? கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் அதே நியாயந்தான். ஆகவே கைப்பேசியில் பாட்டைத் தேடும் பிள்ளைகளிடம் தலைப்போடு நிறுத்தாமல், ஆண்டையும் இசையமைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். தேடிய பாட்டும் கிடைக்கும். உழைத்தவர் பெயரும் நிலைக்கும்.