கயிற்றை அவிழ்த்தால்தான் மணி அடிக்கும்

(விருதுநகரில் மாலைநேரப் பாடசாலை இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாடசாலைப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி தொடங்கப் போகிறோம், நீங்கள் லண்டனில் நேரில் பார்த்தவர், வந்து பேசுங்கள் என்று அழைத்தீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிளவுஸ் மாட்டியவன் இல்லை. டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து பார்த்தவன். வட சென்னை உழைக்கும் மக்களிடம் இப்படி ஒரு விளையாட்டு மரபு இருந்தது என்பதே 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்று ஒரு பகுதி. அங்கே யார்க் ஹால். 1929இல் பொதுக் குளியல் கூடமாகத் திறந்தது. வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளர்கள் வந்து குளித்துப் போன கட்டடம். அதே கட்டடத்தின் கூடத்தில்தான் குத்துச்சண்டை. டிவியில் வரும் கோடிக்கணக்கான பணச் சண்டை இல்லை, நான் பார்த்தது அமெச்சூர் ஆட்டம். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஆடுவார்கள். மூன்றே ரவுண்டு. ஜெயித்தால் ஒரு கோப்பை, அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மகன் ரிங்கில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மணி அடிக்கும்போதெல்லாம் "முடிந்ததா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரோடு சேர்ந்து நானும் பாதி ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

சண்டையைவிட, சண்டைக்கு முன்னால் நடப்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எடை பார்க்கிறார்கள். வயது பார்க்கிறார்கள். இதுவரை எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான் என்று பார்க்கிறார்கள். சரியான ஜோடி இல்லையென்றால் ஆட்டம் கிடையாது, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எடைப் பிரிவை அங்கே யாரும் சலுகை என்று சொல்வதில்லை. 48 கிலோ பையனை 80 கிலோ ஆளோடு மோதவிட்டு, ஜெயித்தவனுக்குத்தான் தகுதி இருக்கிறது, திறமை இருக்கிறது என்று ஒருவர் பேசினால் அரங்கமே சிரிக்கும். நம் ஊரில் இட ஒதுக்கீட்டை எதிர்த்து அதைத்தான் காலங்காலமாகப் பேசுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

ரிங் ஓரத்தில் மருத்துவர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. ஒருநாள் அவர் வரத் தாமதம். முக்கால் மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தார். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தீபாவளி நெருங்கினால் அந்த விதி எங்கே போகும் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லத்தான் வந்தேன்.

கிளவுஸ் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையனின் மணிக்கட்டில் ஏதோ நூல். நண்பர்கள் கட்டியதோ, சாமிக்குக் கட்டியதோ தெரியாது. அதிகாரி கத்தரிக்கோலை எடுத்தார். பையன் கையை நீட்டினான். வெட்டிப் போட்டுவிட்டுக் கிளவுஸை மாட்டினார்கள். யாருடைய மனமும் புண்படவில்லை.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில், ஊர்ப் பொங்கலுக்கு மறுநாள், எங்கள் தெரு அண்ணன் ஒருவர் எனக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டார். என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என்னை விட்டுவிட்டு நிறத்தைப் பற்றி யோசிப்பீர்கள். கயிறு கட்டி ஒரு வாரம் இருக்கும். காலனியிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயில் எங்களுக்கு முன்னால் குடித்துவிட்டான். நாங்கள் நான்கு பேர். அவன் ஒருவன். நாங்கள் எடை பார்க்கவில்லை, வயது பார்க்கவில்லை. அவன் அம்மாவும் என் அம்மாவும் அன்று காலையில் ஒரே ஆலை வேனில்தான் வேலைக்குப் போயிருந்தார்கள்.

2019இல் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இதுவும் மத நம்பிக்கையில் கை வைப்பது என்றுதான் உடனே கூச்சல் போட்டார்கள்.

ரிங்கிலும் நிறம் உண்டு. சிவப்பு மூலை, நீல மூலை. ஆனால் யாருக்கு எது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இன்றைக்குச் சிவப்பு, அடுத்த ஆட்டத்தில் நீலம். பிறக்கும்போதே யாரும் நீலம் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில்தான் பார்த்தேன். தோற்ற பையன் எதிர் மூலைக்குப் போனான். மூக்கில் ரத்தம் இன்னும் காயவில்லை. எதிரியின் பயிற்சியாளர் தன் பாட்டிலை நீட்டினார். அவன் வாயைத் திறந்தான், அவர் ஊற்றினார். ஜெயித்தவனும் இந்தப் பக்கம் வந்து அதே மாதிரி குடித்தான். அது அங்கே சாதாரண வழக்கம். எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தியைப் படித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வெள்ளைக்காரன் ஊர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பிரிட்டிஷ் தொழில்முறைப் பட்டத்துக்கு மோத வேண்டுமானால் பெற்றோர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று அங்கேயும் விதி இருந்தது. 1948இல்தான் அது ஒழிந்தது. டிக் டர்பின் என்ற கறுப்பின வீரர் அதே ஆண்டில் பட்டத்தை வென்றார். விதி தானாக மாறவில்லை, கேட்டுக் கேட்டு மாற்றினார்கள்.

இப்போது நம் பயிற்சிக்கு வருவோம். கோயில் பக்கத்து மைதானம்தான் வசதி என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அங்கே காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். காலனிப் பக்கம் வைத்தால் எங்கள் தெருவிலிருந்து பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். காலனியிலேயே வையுங்கள். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வருவது என் வேலை. கைக்கட்டு சுற்றுவதற்கு முன்னால் எல்லா மணிக்கட்டையும் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு குடம், ஒரு டம்ளர் போதும், இரண்டாவது வேண்டாம்.

நாங்கள் அடித்த அந்தப் பையன் இப்போது பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் அவனிடம் போய்ப் பேசவில்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை இன்று காலையில் காட்டினீர்கள். அவனுடைய அக்கா மகன் பெயர் அதில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவன் வீட்டுக்குத்தான் போகிறேன்.