கடல்நீர் பட்ட கமராவும் காப்புறுதிப் பத்திரமும்

நகரசபையின் நுகர்வோர் உரிமை விளக்கக் கூட்டத்தில் தமிழில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



கோடை விடுமுறை தொடங்கியதும் இலண்டன் தமிழ்க் குடும்பங்கள் பல சவுத்தெண்ட் கடற்கரைக்குச் செல்வது வழக்கம். அங்குள்ள கடல் இலங்கைக் கடலைப் போன்றதன்று. இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. தேம்ஸ் முகத்துவாரத்திலோ வற்றின்போது நீர் ஒரு மைல் அளவுக்குப் பின்வாங்கிச் சேற்றுநிலம் வெளிப்படும். அங்கு 2 கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்தில் துறைப்பாலம் கட்டப்பட்டதற்குக் காரணமும் அதுவே. பெருக்கு வரும்போது நீர் நேரே முன்னிருந்து மட்டும் வருவதில்லை. சேற்றிலுள்ள வாய்க்கால்கள் வழியாகப் பின்புறமாகவும் சூழ்ந்துகொள்ளும்.

அந்தச் சேற்றுநிலத்தில் முக்காலியை நிறுத்தி மாலைச் சூரியனைப் படம்பிடிக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். வாரநாட்களில் அவர் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறார். வார இறுதிகளில் திருமணங்களையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் படமெடுக்கிறார். கமராவும் இரண்டு லென்சுகளும் சேர்ந்து 3,400 பவுண் பெறுமதியானவை. அவற்றை வாங்கிய கடனில் பாதி இன்னும் மீதியிருக்கிறது. காலடியில் நீர் வந்ததை அவர் உணர்வதற்குள் முக்காலி சரிந்து, எல்லாம் உப்புநீரில் மூழ்குகின்றன. அடுத்த சனிக்கிழமை ஒரு திருமணம் இருக்கிறது.

அன்றிரவே உறவினர்களின் அறிவுரைகள் வந்து சேரும். அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வை என்பார் ஒருவர். கடல் என்று சொன்னால் காசு தரமாட்டார்கள், வீட்டில் கோப்பி ஊற்றுப்பட்டதென்று சொல் என்பார் இன்னொருவர். முதலாவது அறிவுரை கமராவைக் கெடுக்கும். இரண்டாவது மனிதரைக் கெடுக்கும்.

அரிசியின் கதையை விரைவாக முடித்துவிடலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அரிசி ஈரத்தைச் சிறிது உறிஞ்சக்கூடும், உப்பை உறிஞ்சாது. உள்ளே தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை மீண்டும் ஈர்த்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், வேலை செய்கிறதா என்று ஒரு தடவை இயக்கிப் பார்ப்பதே சுற்றுப்பலகையைச் சில நொடிகளில் அழித்துவிடக்கூடும். ஆகவே கமராவை இயக்கக்கூடாது. பற்றரியையும் நினைவக அட்டையையும் உடனே கழற்றி, வெளிப்புறத்தை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, திருத்துநரிடம் விரைவாகச் சேர்க்க வேண்டும். உப்புநீர் பட்ட லித்தியம் பற்றரியை மின்னேற்றுவதும் தபாலில் அனுப்புவதும் தீவிபத்துக்கு இடமளிக்கும். அட்டையிலுள்ள படங்கள் பெரும்பாலும் தப்பிவிடும் என்பது ஓர் ஆறுதல். தப்பாவிட்டால், பிறர் வீட்டு விழாப் படங்களின் பெறுமதியைச் சாதாரண காப்புறுதி எதுவும் ஈடுசெய்வதில்லை.

இவற்றைச் செய்வதற்கு முன்னரே நிலைமையைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து வைப்பது பயன்தரும். பழுதான பொருளை எறிந்துவிடக் கூடாது; காப்புறுதி நிறுவனம் அதனைப் பார்வையிடக் கேட்கலாம். நிறுவனத்துக்கும் அன்றோ மறுநாளோ அறிவித்துவிட வேண்டும்.

எந்தப் பத்திரத்தின் கீழ்க் கோருவது? வீட்டுப்பொருட் காப்புறுதி இருக்கிறது என்பதனால் கடற்கரையில் நேர்ந்த சேதம் அதற்குள் அடங்கிவிடாது. வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்லும் பொருட்களுக்கான பகுதி மேலதிகமாக வாங்கப்பட்டிருக்க வேண்டும். அப்பகுதி திருட்டை மட்டுமன்றித் தற்செயற் சேதத்தையும் உள்ளடக்கியிருக்க வேண்டும். தனிப் பொருளுக்கான உச்சவரம்பு ஒன்றும் இருக்கும். பெயர் குறிப்பிட்டு அறிவிக்கப்படாத பொருளுக்கு அந்த வரம்புக்கு மேல் கிடைக்காது. பயணக் காப்புறுதிகளில் இவ்வரம்பு பொதுவாக மேலும் குறைவு. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் நீரினால் ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நீர்புகாதது என்னும் அடையாளத்தை நம்பிக் கடலில் இறங்குவோர் ஒன்றை அறிதல் நன்று. ஐபிஎக்ஸ்7 என்னும் தரம் ஒரு மீற்றர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் சோதித்துத் தரப்படுவது. உப்புநீரைப் பற்றி அது ஏதும் கூறுவதில்லை.

மேற்கூறிய இளைஞருக்கு இதனினும் பெரிய இடையூறு வேறொன்று உண்டு. பணம் பெற்று விழாக்களைப் படமெடுப்பவரின் கமரா, வீட்டுப்பொருட் பத்திரங்கள் பலவற்றில் தொழிற்கருவி என்று கொள்ளப்பட்டு விலக்கப்படுகிறது. கடற்கரைக்கு அன்று பொழுதுபோக்காகவே சென்றிருந்தாலும் இந்த வாதம் எழும். மாதம் ஒரு விழா என்றாலும் அதனை நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பதும், தேவையானால் ஒளிப்படக் கலைஞர்களுக்கென விற்கப்படும் தனிக் காப்புறுதியை வாங்குவதும் செலவானவைதாம். ஆயினும் 3,400 பவுணை இழப்பதோடு ஒப்பிட்டால் அச்செலவு சிறிது. பத்திரம் வாங்கும்போது நிறுவனம் கேட்ட கேள்விக்குக் கவனக்குறைவால் தவறான பதில் தரப்பட்டிருந்தாலும் எல்லாம் போய்விடுவதில்லை. 2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, சரியான பதிலுக்கு நிறுவனம் கூடுதல் கட்டணம் மட்டுமே அறவிட்டிருக்கும் என்றால், இழப்பீட்டை அந்த விகிதத்தில் குறைக்கலாமேயன்றி முற்றாக மறுக்க முடியாது. வேண்டுமென்றே பொய் கூறியவருக்கு இந்தச் சலுகை இல்லை.

இனி அந்தக் கோப்பிக் கதை. அவ்வாறு சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். நிறுவனங்கள் எதற்கும் ஒரு காரணம் கண்டு மறுத்துவிடும் என்ற கசப்பான அனுபவம் அவர்களுக்கு இருக்கும். அந்த அனுபவம் முழுவதும் ஆதாரமற்றதும் அன்று. ஆனால் திருத்துநர் கருவியைத் திறந்ததும் உப்புப் படிவு கண்ணிலேயே தெரியும். பாலும் சீனியும் கலந்த கோப்பி விடும் தடம் வேறு. 2015 ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் 12 ஆம் பிரிவின்படி, மோசடியான கோரிக்கைக்கு நிறுவனம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. கொடுத்ததையும் திரும்பப் பெறலாம். மோசடி நடந்த நாளிலிருந்து பத்திரத்தையே முடிவுறுத்தலாம். செய்தி ஏனைய நிறுவனங்களுக்கும் பகிரப்படுவதால், பின்னர் கார்க் காப்புறுதி வாங்குவதும் கடினமாகும். உண்மையான பழுதுடன் பழுதுபடாத லென்சு ஒன்றைச் சேர்த்துக் கணக்கை உயர்த்தினாலும் இதே கதிதான். உண்மையான பகுதியும் சேர்ந்து போய்விடும்.

பொய்யைப் பற்றிப் பேசும்போது கடல்நீரே காரணமான ஒரு வழக்கை இங்கு நினைவுகூரலாம். 2010 சனவரியில் டிசி மேர்வெஸ்டோன் என்னும் சரக்குக் கப்பலின் இயந்திர அறைக்குள் கடல்நீர் புகுந்து அதன் பிரதான இயந்திரம் பாழாயிற்று. கோரப்பட்ட தொகை 32 இலட்சம் யூரோவுக்கும் மேல். அடித்தள எச்சரிக்கை மணி ஒலித்ததென்றும், கப்பல் ஆடுவதால் ஒலிக்கிறதென்று மாலுமிகள் கருதிவிட்டனர் என்றும் உரிமையாளர் தரப்பு காப்புறுதியாளரிடம் கூறியது. அது விசாரணையை விரைவுபடுத்தச் சொல்லப்பட்ட பொய். அந்தப் பொய் இல்லாமலே கோரிக்கை செல்லுபடியாகக் கூடியதாயிருந்தது. எனினும் கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கோரிக்கையைத் தள்ளின. 2016 யூலையில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பை மாற்றியது. கோரிக்கையின் செல்லுபடியைப் பாதிக்காத பக்கப் பொய் முழு உரிமையையும் அழித்துவிடாது என்பது அத்தீர்ப்பு.

இதனைக் கேட்டுச் சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும்; ஆறுதலுக்கு இடமில்லை. தேவையே இல்லாத ஒரு வாக்கியத்தின் பொருட்டு அந்த உரிமையாளர்கள் மூன்று நீதிமன்றங்கள் ஏறி ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். கோப்பிக் கதையோ பக்கப் பொய் என்ற வகையிலும் சேராது. சேதத்தின் காரணத்தையும் இடத்தையுமே அது மாற்றுகிறது.

உண்மையைச் சொன்னால், நீரேற்றம் தெரிந்தும் கவனமின்றி நின்றீர்கள் என்று நிறுவனம் கூறாதா? கூறலாம். நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரங்களில் உண்டு. ஆனால் அதன் பொருள் சிறு கவனக்குறைவும் ஆகாது என்பதன்று. டோவர் கோட்டையைப் பார்க்கச் சென்ற குடும்பம் ஒன்று பெறுமதியான நகைகளைப் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுச் சென்றது, நகைகள் திருடப்பட்டன. 1993 இல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கமே நின்றது. ஆபத்தை உணர்ந்தும் அதனைப் பொருட்படுத்தாது விட்டவரே நிபந்தனையை மீறியவர் என்பது அதன் சாரம். நீர் பின்புறமாக வருவதை அறியாமல் நின்றவர் அத்தகையவர் அல்லர். எச்சரிக்கப்பட்ட பின்னும் நின்றவரின் நிலை வேறு.

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் இன்னொரு சொல் துருப்பிடித்தல். படிப்படியான தேய்வும் அரிப்பும் விலக்கப்பட்டவை என்பது மெய். எனினும் ஒரு மாலையில் திடீரென மூழ்கியதன் விளைவாகத் தோன்றும் துரு, அந்த விபத்தின் தொடர்ச்சியே. விலக்கு பொருந்துகிறது என்று நிறுவும் பொறுப்பு நிறுவனத்துடையது. மூழ்கியதே சேதத்தின் காரணம் என்று திருத்துநர் எழுதித்தரும் அறிக்கை இங்கே மிகவும் உதவும்.

இந்த இடத்தில்தான் மொழி இடறுகிறது. ஆங்கிலம் நன்கறிந்த பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்துப் பேசச்சொல்வது பல வீடுகளில் வழக்கம். கமரா கொஞ்ச நாளாகவே சரியில்லை என்று தந்தை பக்கத்திலிருந்து சொல்வார். மூழ்கிய பிறகு சரியில்லை என்பதே அவர் எண்ணம். பிள்ளை சொல்வதோ, சில காலமாகவே பழுதிருந்தது என்று பொருள்படும். அழைப்பு பதிவாகிறது, படிப்படியான பழுது என்ற விலக்குக்கு அந்த ஒரு வாக்கியமே சான்றாகிவிடும். நாள், நேரம், இடம், நடந்தது ஆகியவற்றை முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பேசுவதும், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நிறுவனத்திடம் கேட்பதும் இதனைத் தவிர்க்கும்.

பற்றுச்சீட்டு இல்லை என்று மனம் தளர்வோரும் உளர். வங்கிக் கணக்குப் பதிவும் பொருள் வந்த பெட்டியும் சான்றுகளே. இவற்றினும் சிறந்த சான்று பழைய படங்களிலேயே இருக்கிறது: ஒளிப்படக் கோப்பு கமராவின் வகையையும் நாளையும், பல கமராக்களில் தொடர் இலக்கத்தையும் தன்னுள் பதிந்து வைத்திருக்கும். மூன்றாண்டு விழாப் படங்களை வைத்திருப்பவர் மூன்றாண்டு உடைமைச் சான்றை வைத்திருக்கிறார். அவ்விழாக்கள் பணம் பெற்றவை என்றால் அதே சான்று தொழிற்பயன்பாட்டையும் காட்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்திடமே முறைப்பாடு செய்ய வேண்டும். இறுதிப் பதிலளிக்க நிறுவனத்துக்கு 8 வாரம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியற்றதாயினும், பைனான்சியல் ஒம்புட்ஸ்மன் சேர்விஸ் என்னும் நிதி முறைப்பாட்டு நடுவரை நாடலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, ஓரிருவர் நடத்தும் சிறு தொழிலாயினும் ஏற்பார்கள். நடுவரின் இறுதி முடிவை முறைப்பாட்டாளர் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்ற வழி திறந்தே இருக்கும்.

நடுவரிடம் செல்ல 6 மாதம் தரப்படுகிறது. அது இறுதிப் பதிற் கடிதத்தின் திகதியிலிருந்து எண்ணப்படும். கடிதத்தைப் பிரித்த நாளிலிருந்து அன்று. ஆங்கிலக் கடிதம் வந்தால் அதனைப் படித்து விளங்கிக்கொள்ள நகரசபையின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கோ சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கோ அந்த வாரமே கொண்டுவருவது உகந்தது.