பட்டாசுத் தொழிலாளிக்குப் பருத்தி உடுப்பு



பட்டாசு ஆலைக்குள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஏன்? நைலானும் பாலியஸ்டரும் உரசினால் மின்னேற்றம் உண்டாகும். அதில் எழும் சிறு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும். தீப்பிடித்தாலோ செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியத்தான் செய்யும். ஆனால் உருகி ஒட்டாது.

இருந்தும் சிவகாசி வட்டாரத்தில் நம் சகோதரிகள் பாலியஸ்டர் சேலையோடு வேலைக்குப் போவதைக் காண்கிறோம். அறியாமை என்று சொல்லாதீர்கள். அதுதான் மலிவு. வாங்கும் கூலிக்கு நல்ல பருத்திச் சேலை எட்டவில்லை.

அந்தத் துணிக்கு நாம் தூர தேசம் போக வேண்டுமா? நம் கரிசலில் விவசாயக் கூலிகள் பருத்தி எடுக்கிறார்கள். ராஜபாளையம் ஆலைகளில் தொழிலாளர் நூல் நூற்கிறார்கள். அருப்புக்கோட்டையில் நெசவாளர் இருக்கிறார்கள். பாவுக்குக் கஞ்சி போட, தார் சுற்ற, இழை பிணைக்க, தறியில் உட்கார என்று ஒரு சேலைக்குக் குடும்பமே உழைக்கிறது.

அந்த உழைப்புக்குக் கிடைப்பது என்ன? 2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறி உழைப்பாளிகள் சுமார் 35 லட்சம் பேர். அந்தக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடப் பெறவில்லை. நூலுக்கும் திண்டாட்டம். ஆலைகள் சிட்டா நூலாகத் தர வேண்டிய பங்கை மத்திய சர்க்கார் 2019இல் 40 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைத்தது.

பட்டணத்துக் கடைகளில் கையால் நெய்த துணிக்கு இன்று மவுசு உண்டு. நல்லதுதான். அந்த விலையில் தறிக்காரருக்குப் போவது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

அவசரமாகத் தைத்து மலிவாக விற்கும் துணியின் கதையும் நாம் அறிந்ததே. வங்காள தேசத்தில் ராணா பிளாசா கட்டிடத்தின் சுவரில் விரிசல் கண்ட மறுநாளும் தையல் தொழிலாளரை உள்ளே அனுப்பினார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று அது இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேல்நாட்டுக் கடைகளுக்கு உடுப்பு தைத்தவர்கள் அவர்கள்.

ஆகவே, 'கைத்தறி வாங்குங்கள்' என்று வெறும் கையோடு இருப்பவரிடம் உபதேசிக்க நாம் வரவில்லை. நாம் கேட்பது இதுதான்: பட்டாசு ஆலை முதலாளிகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பருத்தி வேலை உடுப்பை இலவசமாகத் தர வேண்டும். அந்தத் துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம், கட்டுப்படியாகும் கூலி கிடைக்கும் விலையில் வாங்க வேண்டும். சங்கங்களுக்குத் தட்டில்லாமல் சிட்டா நூல் வர, சர்க்கார் பழைய பங்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தோழர்களே, அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது பருத்தி உடுப்பையும் சேர்த்து எழுதுங்கள். மில் தொழிலாளரும் நெசவாளரும் விவசாயக் கூலிகளும் அதில் உங்களோடு நிற்க வேண்டும். நாங்களும் நிற்போம்.