உறியும் ஒரு சான்று

(ஜெயமங்கலத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



சங்க கால வணிகம் என்றதும் நாம் கரும்பலகையில் எழுதும் ஒரு வரி உண்டு: "யவனர்கள் பொன் தந்து மிளகு வாங்கிச் சென்றனர்." நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அவங்க மட்டும்தான் வந்தாங்களா டீச்சர்? நம்ம ஆளுங்க அங்க போகலையா?" என்று கேட்டாள். மலைத் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போகும் தாயின் மகள் அவள். "போனாங்க" என்றேன். "எப்படித் தெரியும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் என்னைக் கிரேக்க, ரோமானியச் சான்றுகளைத் தேடிப் படிக்க வைத்தது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பிளினி இலத்தீனில் எழுதிய 'இயற்கை வரலாறு'. கி.பி. 77இல் முடிந்த நூல். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சு நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று அதில் அவர் வருந்துகிறார். காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மிளகைப் பொன்போல நிறுத்து வாங்குகிறார்களே என்றும் வியக்கிறார்.

இரண்டாவது, வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு. கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ஒரு பக்கம் முசிறி வணிகக் கடன் பற்றிய ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு.

மூன்றாவது, எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடு. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறப்பட்டிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துப் பொருள் சொன்னார். ஒறி என்பது நம் வீட்டு உறிதான்.

இதை வகுப்பில் சொன்னதும் அந்த மாணவி, "எங்க அப்பத்தா வீட்டுல இருக்கு" என்று மறுநாளே ஓர் உறியைக் கொண்டுவந்தாள். அதில் பானையை வைத்துத் தொங்கவிட்டோம். பிறகு மூன்று சான்றுகளுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: யார், எதற்காக எழுதினார்?

"பிளினி வருத்தத்துல கூட்டிச் சொல்லியிருக்கலாம்" என்றான் ஒருவன். "கடன் பத்திரத்துல அப்படி எழுத முடியாது" என்றான் இன்னொருவன். பானை ஓட்டைப் பற்றி, "தமிழ் தெரிஞ்சவங்க அங்க இருந்திருக்கலாம். இல்லேன்னா பானை மட்டும் கப்பல்ல போயிருக்கலாம்" என்றாள் கேள்வி கேட்ட அதே மாணவி. "போனாங்க" என்று நான் உறுதியாகச் சொன்ன பதிலை அவள் நிதானமாகத் திருத்தினாள்.

நண்பர்களே, நாம் பழம்பெருமையைப் பேசினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் யாராவது மறுத்துக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பார்கள். சான்றை எடைபோடக் கற்றுக்கொடுத்தால் அந்த நிலை வராது. அதற்கு நமக்குக் கிரேக்கமும் இலத்தீனும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மொழிபெயர்ப்புகளே போதும். தமிழ் பிராமியைக் காட்டவும் தொலைதூரம் போக வேண்டாம். நம் ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகற்களில் இருப்பதும் அதே எழுத்துதான். அந்தப் படத்தையும் பானை ஓட்டின் படத்தையும் அருகருகே ஒட்டிவையுங்கள்.

அடுத்த முறை யவனர் பாடம் நடத்தும்போது, "எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்படி நடத்துவோம். யாரும் கேட்காவிட்டால் நாமே கேட்போம்.