திரும்பி வரும் பாத்திரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மேடைக்குரிய பெரும் பொருளன்று. நண்பகலிலே நாம் கடையில் வாங்கும் சோற்றுப் பார்சலைப் பற்றியது. சோற்றைப் பற்றியுமன்று, அதனைச் சுற்றி வரும் உறையைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். சோறு கால்மணி நேரத்தில் நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. அதனைச் சுற்றிய தாளும், குழம்பு கட்டிய சிறு சொப்பின் பையும், றெஜிபோம் பெட்டியும் எங்கே போகின்றன?

எங்கும் போவதில்லை என்பதே விடை. நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வேறொருவர் வாசலில் அவை குவிகின்றன. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோல் உயர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் மாண்டனர். அந்த மேட்டைக் குவித்தது நகரம். அதன் அடியிற் புதைந்தவர்களோ அயலில் வாழ்ந்த மக்கள். ஒருவர் எறிய மற்றொருவர் சாவது எந்த நீதி?

அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி முதல் பொலித்தீன் உணவுத் தாளும், அதாவது ‘லஞ்ச் சீற்’ என்று நாம் சொல்வதும், றெஜிபோம் உணவுப் பெட்டியும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்தெறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி முதலியனவும் தடைக்குள்ளாயின. இச்சட்டங்கள் வேண்டியவையே. ஆயினும், சட்டம் ‘இதைப் பாவியாதே’ என்று சொல்லும்போது கடைக்காரர் வேறொன்றை எடுக்கிறார். பொலித்தீனுக்குப் பதில் மட்கும் தாள். றெஜிபோமுக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி அல்லது கடதாசிப் பெட்டி. எறியும் பொருள் மாறியதேயன்றி எறியும் பழக்கம் மாறவில்லை.

‘பழையபடி வாழையிலைக்கே திரும்புவோம்’ என்பர் சிலர். இலை கிடைக்குமிடத்தில் அது மிக நன்று. பனையோலைத் தட்டுவத்தில் உண்டதும், பிளாவிற் கூழ் குடித்ததும் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நல்வழக்கங்களே. ஆனால் ஒரு நகரத்தின் கடைகள் அனைத்துக்கும் நாள்தோறும் இலை கொண்டுவந்து சேர்ப்பது எளிதன்று. ஆகவே நான் மற்றொரு பழைய வழக்கத்தை நினைவூட்ட விரும்புகிறேன். அதுதான் சோடாப் போத்தல்.

சோடா வாங்கும்போது போத்தலுக்கும் சேர்த்துக் காசு வைப்போம். வெறும் போத்தலைக் கொடுத்ததும் அக்காசு திரும்பி வரும். வீட்டிலே பெரியவர்கள் போத்தலைப் பத்திரப்படுத்துவார்கள். தெருவில் ஒன்று கிடந்தாலும் சிறுவர்கள் பொறுக்கிக் கடையிற் கொடுத்து விடுவார்கள். இதற்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. போத்தலுக்கு ஒரு விலையும், அது திரும்பிச் செல்ல ஓர் இடமும் இருந்தன, அவ்வளவுதான்.

சோற்றுப் பெட்டிக்கும் இந்த ஏற்பாடு ஏன் ஆகாது? இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் மன்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, ஒரு பெட்டியைச் செய்யும்போது மிகக் குறைந்த கெடுதி செய்வது றெஜிபோமே. அது பெரும்பாலும் காற்றடைத்த பொருள். மூலப்பொருள் சிறிதளவே போதும். ஆனால் பாவித்தபின் அதனை மீளப் பயன்படுத்த வழியில்லாமையே அதன் பெருங் குறை. உறுதியான பெட்டியோ செய்வதற்கு அதிக பொருளையும் சக்தியையும் வேண்டுவது. பலமுறை பாவித்தாலன்றி அது லாபம் தராது. எனவே நல்ல பெட்டியை வாங்கி அலமாரியிற் பூட்டி வைப்பவர் உலகுக்கு நன்மை செய்தவராகார். பெட்டியின் சிறப்பு அதன் உலோகத்தில் இல்லை. அது திரும்பி வருவதில் இருக்கிறது.

திரும்பி வரச் செய்யலாம் என்பதற்குப் பம்பாய் நகரம் சான்று. 1890 முதல் அங்கே டப்பாவாலாக்கள் வீடுகளிற் சமைத்த உணவைப் பாத்திரங்களில் எடுத்து, புகையிரதத்திலும் சைக்கிளிலும் கொண்டுசென்று, அலுவலகங்களிற் கொடுத்து வருகின்றனர். மூடியிற் தீட்டிய எழுத்தும் எண்ணும் நிறமுமே முகவரி. அன்று பிற்பகலே வெறும் பாத்திரம் வீடு திரும்பிவிடும். அது கடைச் சோறன்று, வீட்டுச் சோறு என்பது மெய். ஆயினும் பெருநகரொன்றில் பாத்திரம் போய் வரலாம் என்பது நூறாண்டுகளுக்கு மேலாக மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

ஐரோப்பாவில் சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. ஜேர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், எடுத்துச்செல்ல உணவு விற்கும் கடைகள் மீளப் பாவிக்கும் பாத்திரத்தையும் வைத்திருக்க வேண்டும். அதிற் கொடுக்கும் உணவுக்குக் கூடிய விலை கேட்கலாகாது. 80 சதுர மீற்றருக்கும் 5 ஊழியருக்கும் மேற்படாத சிறு கடைக்கு விலக்குண்டு. ஆனால் வாடிக்கையாளர் தம் பாத்திரத்தைக் கொண்டுவந்தால் அதில் உணவு இட்டுக் கொடுக்கவேண்டும். டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரம் 2024இல் மற்றொரு முயற்சியைத் தொடங்கியது. அதிற் கோப்பைக்கு 5 குறோனர் வைப்புக் காசாக வாங்கப்பட்டது. நகரின் பல இடங்களிலும் வைத்த இயந்திரம் ஒன்றிற் கோப்பையை இட்டதும் காசு திரும்பியது. நம் சோடாப் போத்தலின் பேரப்பிள்ளை என்றே இதனைச் சொல்லலாம்.

நிற்க. ‘பிறர் உண்ட பாத்திரத்தில் நாம் உண்பதா?’ என்று முகஞ் சுளிப்பாரும் உளர். சுகாதாரம் கருதிக் கேட்பாராயின் அது நியாயமான கேள்வி. சவர்க்காரமும் கொதிநீரும் நன்றாய் உலர்த்தலும் அதற்கு விடை. கடையில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது நாம் வாய் வைக்கும் குவளையும் பலர் வாய் வைத்ததே. ஆனால் அக்கேள்வியின் அடியில் வேறொரு வேர் இருக்குமாயின், அதனை நாம் அறிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு சாராருக்குத் தனிப் பேணியும் போத்தலும் ஒதுக்கி வைத்த காலம் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அக்கொடுமையை எதிர்த்துப் போராடியோர் அடிபட்டனர், உயிரும் கொடுத்தனர். யாவர்க்கும் ஒரே குவளை என்பது அவர்கள் வென்று தந்த உரிமை. கழுவித் துடைத்த பொதுப் பாத்திரத்தை எச்சில் என்று ஒதுக்குவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

இனி, நாம் செய்யக்கூடியது யாது? முதலாவது, நாளைக்கே தொடங்கலாம். கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள கரியரைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். சோறு ஒரு தட்டில், கறி ஒரு தட்டில், சம்பல் ஒரு தட்டில். சொப்பின் பைக்கு வேலையில்லை.

இரண்டாவது, அயலிலுள்ள மூன்று நான்கு கடைகளை ஒன்றுசேர்த்து, ஒரே அளவான எவர்சில்வர் பெட்டிகளைப் பொதுவில் வாங்குவோம். ஒரு கடையில் எடுத்ததை எக்கடையிலும் கொடுக்கலாம் என்றிருக்கட்டும். பெட்டி ஒன்று 800 ரூபா என்றும், 200 தடவை பாவிப்போம் என்றும் கொண்டால், ஒரு தடவைக்கு விழுவது 4 ரூபா. வைப்புக் காசு திரும்பி வரக்கூடியதாயினும், கூலித் தொழிலாளியின் கையில் அன்று அது இல்லாதிருக்கலாம். அத்தகையோருக்குக் கடைக்காரர் கொப்பியிற் பெயரெழுதிக் கொடுப்பாராக. ஏழையின் வயிற்றில் அடித்துச் செய்யும் சீர்திருத்தம் சீர்திருத்தமாகாது.

மூன்றாவது, கழுவும் கைகளை மறவாதிருப்போம். எறிவதை நிறுத்தினால் கழுவுவது கூடும். அவ்வேலையைச் சமையற்கட்டிலுள்ள பெண் ஒருவரின் தலையில் கூலியின்றிச் சுமத்திவிட்டு, நாம் பூமியைக் காத்தோம் என்று பெருமை பேசலாகாது. கழுவுவதற்குரிய கூலியைக் கணக்கிற் சேர்த்தே விலை குறிக்கவேண்டும். நம் சங்க விழாக்களிலோ, உண்டவரே கழுவி வைக்கலாம். இளைஞர் கைக்கு அது இழிவன்று.

பெரியோர்களே, நீங்கள் பாத்திரத்தைப் போற்றி வாழ்ந்தவர்கள். ஈயம் பூசியும் ஒட்டுப்போட்டும் ஒரு செம்பைத் தலைமுறை தலைமுறையாகப் பாவித்தவர்கள். அந்தச் சிக்கனத்தை எங்களுக்குக் கற்பியுங்கள். இளைஞர்களே, கணக்கெழுதவும் கடைக்காரரோடு பேசவும் சைக்கிளில் ஓடித் திரியவும் நம்மிடம் வலு உண்டு. இரண்டையும் சேர்ப்போமாயின், அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் இவ்வூரில் நூறு பெட்டிகளாவது போய்த் திரும்பிக் கொண்டிருக்கும்.